லாரியின் பல்சக்கரமும் சாரதியின் கையும்

சென்ற ஆண்டில் ஒரு மாலைப் பொழுது, நம் கல்லூரி மாணவர் சங்கத்திலே, "பார லாரிகளுக்குத் தானே கியர் மாற்றும் பொறி வேண்டுவதில்லை" என்னும் பொருள்பற்றிச் சொற்போர் ஒன்று நிகழ்ந்தது. கையாற் கியர் மாற்றுதலே ஆண்மை என்று பேசிய கட்சியினர்க்கே கைத்தட்டல் மிகுந்தது. வாக்கெடுப்பிலும் அவரே வென்றனர். வென்றவர் பேச்சு செவிக்கு இனிதாயிருந்தது என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும், இரு கட்சியாரும் வண்டி மேடேறுவதைப் பற்றியே பேசினரேயன்றி, அஃது இறங்குவதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்திலர். இவ்வழக்கின் தீர்ப்பு இறக்கத்திலேதான் கிடக்கின்றது என்பது எம் துணிபு. அன்று மேடையேறிச் சொல்ல நேரம் வாய்க்காமையால் இங்கே எழுதப் புகுந்தோம்.

முதலில், லாரிக்குப் பல கியர்கள் ஏன் வேண்டும் என்பதைச் சிறிது நோக்குவோம். டீசல் யந்திரம் மிக மெல்லச் சுழன்றாலும் வலியற்றது. மிக விரைந்து சுழன்றாலும் வலியற்றது. பெரிய லாரியின் யந்திரம் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 1000 சுற்று முதல் 1500 சுற்று வரையுள்ள சிறிய இடைவெளியிலேதான் செம்மையாக உழைக்கும். வண்டியோ, நின்ற நிலையினின்றும் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை எல்லா வேகத்திலும் செல்லுதல் வேண்டும். அதுவும் வெறுமையாயும், சுமையோடும், மேட்டிலும், பள்ளத்திலும். இவ்விரண்டையும் இணக்குவிக்கும் தரகனே பல்சக்கரப் பெட்டி. நம் நாட்டு லாரிகளிலே 6 அல்லது 9 கியர்களும், ஐரோப்பாவின் நெடுவழி லாரிகளிலே பெரும்பாலும் 12 கியர்களும், அமெரிக்க லாரிகளிற் சிலவற்றில் 18 கியர்களும் உள்ளன. பதினெட்டையும் கையால் மாற்றி ஓட்டுபவனை வித்தைக்காரன் என்றல் பொருந்தும்.

அவ்வித்தை எளிதில் வருவதன்று. பல்லோடு பல் பொருந்த வேண்டுமாயின் இரண்டும் ஒத்த வேகத்திற் சுழலுதல் வேண்டும். அவ்வொத்துழைப்பைத் தானே உண்டாக்கும் உள்ளமைப்பு 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் முதன்முதல் வந்தது. எனினும் பார வண்டிகள் பலவற்றிற்கு நெடுங்காலம் அது வாய்க்கவில்லை. அமெரிக்கப் பெருலாரிகளின் கைக்கியர்ப் பெட்டிகளில் இன்றும் அஃதில்லாதவை உள. ஆதலின் சாரதி கிளச்சை ஒருமுறை மிதித்துப் பல்லை விடுவித்து, இடையிலே யந்திரத்தை வேண்டுமளவு முடுக்கி, மறுபடியும் மிதித்துப் புதிய பல்லிற் சேர்த்தல் வேண்டும். கைதேர்ந்தவர், வண்டி ஓடத்தொடங்கியபின் கிளச்சைத் தொடாமலே, யந்திரத்தின் ஒலியொன்றையே துணைக்கொண்டு மாற்றிவிடுவர். நம் நாட்டிலே கிளீனராக ஏறிய இளைஞன், ஊர் ஊராக உடன் சென்று, வண்டி துடைத்து, சக்கரம் கழற்றி, இரவில் உறங்காது பக்கத்தில் உட்கார்ந்து, காதினாலும் கண்ணினாலும் கற்றுக்கொண்டதே இக்கல்வி. பாடப்புத்தகம் இல்லை, சம்பளமும் பேருக்குத்தான்.

தொப்பூர்க் கணவாய்க்கு இப்பால் ஒரு தேநீர்க் கடையில், முப்பது ஆண்டு லாரி ஓட்டிய முதியவர் ஒருவரோடு பேசும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. கியர் மாற்றும் நேரம் எப்படித் தெரியும் என்று வினவினோம். "காலு மிதிக்குதுங்க, கையி போடுதுங்க. எப்போ போடோணும்னு சொல்றது காதுதானுங்களே," என்றார். அவர் இப்பொழுது ஓட்டுவதோ தானே கியர் மாற்றும் புது வண்டி. "அதுல காதுக்கு வேலையில்லீங்க. ஆனா ராத்திரி படுத்தா முழங்கால் வலிக்கறதில்லீங்க," என்று சொல்லிச் சிரித்தார். எம் சங்கத்து வீரர்களின் ஒரு மணி நேரப் பேச்சிலே அந்த முழங்காலுக்கு ஓர் இடமும் இல்லாதது அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது. நெரிசல் மிகுந்த ஊரைக் கடக்கும்பொழுது கனத்த கிளச்சை நூற்றுக்கணக்கான முறை மிதிப்பவன் கால் எவனுடையதோ, அவனைக் கேளாமல் ஆண்மையைப் பற்றிப் பேசுதல் நமக்கு எளிது.

தானே மாற்றும் பொறி நேற்றுத் தோன்றியதுமன்று. லண்டன் மாநகரத்தில் 1939-இல் வெளிவந்த ஆர்.டி. வகைப் பஸ்ஸிலே, சாரதி அடுத்த கியரை முன்னதாகவே குறித்து வைத்து, வேண்டும்பொழுது ஒரு மிதியை அழுத்தினால் அது சேரும்படி அமைத்திருந்தனர். வில்சன் என்னும் பொறிவல்லுநர் வகுத்த முறை அது. அதே 1939-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் கார்களுக்கு ஹைட்ராமேட்டிக் என்னும் முழுத் தானியங்கி அறிவிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரிலே ஸ்டூவர்ட் என்னும் சிறு டாங்கியின் எம்-5 வகையிலும் அதைப் பூட்டி ஓட்டினர். குண்டு மாரியிடையே செல்பவனுக்கு அதனால் வீரம் குறைந்ததாக எவரும் எழுதிவைக்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். சொற்போரில் இதுபற்றி மிகுந்த குழப்பம் நேர்ந்தது. லாரிகளில் தானியங்கி எனப்படுவது ஒரே வகையன்று. ஒன்று, யந்திரத்துக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே எண்ணெயைச் சுழற்றி, அதன் வழியாக விசையைக் கடத்துவது. இதில் கியர் மாறும்போதும் விசை அறுவதில்லை. தீயணைக்கும் வண்டி, குப்பை வண்டி, நகரப் பஸ் முதலாக அடிக்கடி நின்று புறப்படுவனவற்றுக்கு மிக ஏற்றது. இவ்வகையிற் பேர்பெற்ற அலிசன் கம்பெனியாரின் தொழிற்சாலை சென்னைக்கு அணித்தாய ஒரகடத்திலேயே உளது. மற்றையது, பழைய கைக்கியர்ப் பெட்டியையே வைத்துக்கொண்டு, கிளச்சை மிதிக்கவும் பல்லைத் தள்ளவும் காற்றழுத்தத்தாலோ மின்விசையாலோ இயங்கும் கருவிகளை அமைத்து, எப்பொழுது மாற்றுவது என்பதை ஒரு கணிப்பொறியிடம் விடுவது. நெடுவழி லாரிகளில் இன்று பரவிவருவது இதுவே. சுவீடன் நாட்டு வால்வோ கம்பெனியார் 2001-இல் ஐ-ஷிப்டு என்னும் பெயரால் வெளியிட்ட 12 கியர்ப் பெட்டி இவ்வினத்தது. 2014-இல் அவர்களே இரட்டைக் கிளச்சு அமைத்து, மாறும்பொழுது விசை அறாதபடியும் செய்தனர். ஆகவே பெட்டி பழையது; கைமட்டும் புதிது. "பல்சக்கரமே இல்லாத பொம்மை வண்டி" என்று சங்கத்தில் ஒருவர் எள்ளியது பொருந்தாது.

எதிர்க்கட்சியார் கூற்றில் உண்மையே இல்லை என்று சொல்லுமளவு யாம் பிடிவாதக்காரர் அல்லோம். கல்லுடைக்கும் குவாரியிலும் மணற்பாங்கான வழியிலும் செங்குத்தாக ஏறும்பொழுது, ஒற்றைக் கிளச்சுத் தானியங்கி பல் மாற்றும் அந்தக் கண நேரத்திலே விசை அறும். வண்டியின் ஓட்டம் தளர்ந்து சக்கரம் புதையும். பழகிய சாரதி மேட்டைத் தூரத்தே கண்டு, முன்கூட்டியே தாழ்ந்த கியரிற் போட்டு, மாற்றாமலே ஏறிவிடுவான். யந்திரம் சாய்வை அளக்கும். ஆனால் வளைவுக்கப்பால் மாட்டுமந்தை நிற்பதை அது காணாது. மற்றும், பழுது நேரின் என் செய்வது என்னும் வினாவும் தள்ளத்தக்கதன்று. கைக்கியர்ப் பெட்டியை நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ மரத்தடியிலேயே கழற்றிப் பூட்டும் கம்மியர் உளர். காற்றுக்குழாயிற் கசிவோ மின்கம்பியிற் கோளாறோ உண்டானால், தானியங்கி நின்ற இடத்தில் நிற்கும். அதன் நோயறியக் கணிப்பொறி கொண்டுவரும் வைத்தியர் வரும்வரை சுமையும் நிற்கும், தக்காளியாயிருந்தால் அழுகவும் செய்யும். விலையும் கூடுதலே. ஒரே வண்டியைக் கடனில் வாங்கி ஓட்டும் சிறு முதலாளி தயங்குதல் இயல்பு. இவற்றையெல்லாம் எடைத்தட்டில் வைத்தே பேசுகின்றோம்.

இனி இறக்கத்துக்கு வருவோம். பெங்களூரிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயிலே வளைந்து வளைந்து இறங்குகின்றது. விடுமுறைக்கு அவ்வழியே போய்வரும் மாணவர் நம்முள் பலர் உளர். 2020 டிசம்பரில் சிமெண்டு ஏற்றிவந்த லாரியொன்று இங்கே கார்கள் பலவற்றின்மேல் மோதியதால் நால்வர் இறந்தனர். 2024 ஜனவரியில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பற்றியதில் மீண்டும் நால்வர் மாண்டனர். இவ்விரு விபத்துக்கும் காரணம் இன்னதெனத் தீர்ப்புக் கூறுதல் எம் வேலையன்று. ஆனால் இக்கணவாயைப் பற்றிப் போலீசாரும் நெடுஞ்சாலைத் துறையாரும் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் எச்சரிக்கை ஒன்றுண்டு: "நியூட்ரலில் இறங்காதீர்" என்பது. சுமையேற்றிய சாரதிகள் சிலர், டீசல் மிச்சமாகும் என்று எண்ணி, பல்லை விடுவித்துவிட்டு வண்டியை உருளவிடுகின்றனர். இதன் கேட்டைக் கணக்கிட்டுக் காண்போம். பௌதிகம் படிப்போர் பென்சிலை எடுத்துக்கொள்க.

பத்துச் சக்கர லாரிக்குச் சட்டம் அனுமதிக்கும் மொத்த எடை, 2018-இல் உயர்த்தப்பட்டபின், 28.5 டன். அவ்வண்டி நேருயரத்தில் 100 மீட்டர் இறங்குவதாகக் கொள்வோம். அதனால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் ஜூல். 30 பாகை வெப்பமுள்ள தண்ணீர் 95 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். ஒரு கல்யாண வீட்டு அண்டா என்று வைத்துக்கொள்ளலாம். காற்றும் சாலையும் இதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சியதனைத்தும், வேகம் மிகாமல் இருக்க வேண்டுமாயின், எங்கேனும் வெப்பமாய்ப் போயே தீரவேண்டும். பல் சேர்ந்திருந்தால் அதிற் பெரும்பங்கை யந்திரம் ஏற்றுக்கொள்ளும். மாட்டு வண்டி இறக்கத்தில் நுகத்தடியை நெருக்காதபடி வண்டிக்காரன் கீழே குதித்துப் பின்புறம் இழுத்துப் பிடித்து வருவானே, அவ்வேலையை அது செய்யும். பல் விடுபட்டாலோ, அண்டா முழுதும் பிரேக்குகளின் தலையிலேயே காயும். காய்ந்த உருளை விரிந்து கட்டையினின்றும் அகலும், கட்டையும் பிடிப்பிழக்கும், மிதி தாழ்ந்துகொண்டே போகும், வண்டி நிற்காது. இந்நிலையில் மறுபடியும் கியரிற் சேர்ப்போம் என்று சாரதி கம்பியைத் தள்ளினால், சக்கரத்தின் வேகத்துக்கும் யந்திரத்தின் வேகத்துக்கும் இடையே பெரும்பிளவு உண்டாகியிருக்கும் ஆதலின், பல் பொருந்தாது. பல் கரகரவென்று அரையும் ஒலியைக் கேட்டுக்கொண்டே அவன் இறங்க வேண்டியதுதான். இவ்விடத்திலே முப்பதாண்டுக் காதும் உதவாது.

டீசலாவது மிச்சமா? அதுவும் பெரும்பாலும் மயக்கமே. மின்பொறியால் எரிபொருள் தெளிக்கும் இன்றைய யந்திரங்களிலே, பல் சேர்ந்த நிலையில் காலை எடுத்துவிட்டால் டீசல் ஒரு துளியும் செல்லாது; சக்கரமே யந்திரத்தைச் சுழற்றும். பல்லை விடுவித்தாலோ யந்திரம் அணையாதிருக்க டீசல் செலவாகும். செங்குத்தான இறக்கத்திலே நியூட்ரல் போடுபவன் காசைச் செலவிட்டு அபாயத்தை வாங்குகின்றான். மெல்லிய சரிவிலே மட்டும் உருளவிடுதலால் சிறிது மிச்சம் உண்டு. இதனைப் புதிய தானியங்கிகளிற் சில தாமே செய்கின்றன. ஆனால் வேகம் குறித்த எல்லையைக் கடந்த கணமே, சுற்று வேகத்தை ஒப்பிட்டுப் பல்லைத் தாமே சேர்த்துவிடுகின்றன. ஒருவன் கையிலே குற்றமாயிருக்கும் செயல் ஒரு பொறியின் கையிலே குணமாகின்றதெனில், அப்பொறி சாரதியினும் அறிவுடையது என்பதன்று காரணம். திரும்பிச் சேரும் வழியை அது கைவிடாமையே காரணம்.

இறக்கத்திற் கற்ற பாடம் ஒன்றை ஈண்டுக் கூறுதல் தகும். டீசல் யந்திரம் செய்வதிற் பேர்பெற்ற கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்னும் அமெரிக்கர், தம் யந்திரத்தின் பெருமையை உலகறியச் செய்யும்பொருட்டு, 1931-இல் லாரியொன்றில் அந்நாட்டைக் குறுக்கே கடந்தார். கலிபோர்னியாவிலுள்ள கஹோன் கணவாயில் இறங்கும்பொழுது அவர் வண்டியின் பிரேக்குகள் தோற்றன. அடிவாரத்திலே இருப்புப்பாதை குறுக்கிட்டது. அதன்மேல் புகைவண்டி சென்றுகொண்டிருந்தது. மயிரிழையில் தப்பினார். அந்த நடுக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. யந்திரம் காற்றை அமுக்கி முடிக்கும் தறுவாயில் வால்வைத் திறந்து அக்காற்றை வெளியேற்றிவிட்டால், யந்திரமே பெரும் பிரேக்காகும் என்று பல்லாண்டுக்குப்பின் அவர் வகுத்தார். 1961 முதல் ஜேக்கப்ஸ் கம்பெனியார் அதனைச் செய்து விற்றனர். அமெரிக்க மலைச்சாலைகளில் லாரிகள் படபடவென்று முழங்கி இறங்குவது அக்கருவியின் குரலே. தம் யந்திரம் எவ்வளவு இழுக்கும் என்று காட்டப் புறப்பட்டவர், அது எவ்வளவு பிடிக்கும் என்னும் கேள்வியோடு வீடு திரும்பினார்.

ஆகவே எம் கருத்து இது. பார லாரிகளிற் கியர் மாற்றும் வேலையைப் பொறியிடம் விடுதல் நன்றே. ஏறுவதற்காக அன்று, இறங்குவதற்காக. ஆனால் தானியங்கியை மட்டும் வாங்கிவிட்டு, யந்திரப் பிரேக்கு அல்லது அதனை ஒத்த தடைக்கருவிக்குக் காசில்லை என்று கைவிரிக்கும் முதலாளியோடு யாம் ஒரு பக்கத்தில் நிற்கமாட்டோம். தடைக்கருவி இல்லாத தானியங்கி, நெடிய இறக்கத்திலே யந்திரம் மிகச் சுழல்வதைக் கண்டு, அதனைக் காக்கும்பொருட்டுத் தானே மேற்கியருக்கு மாறிவிடலும் கூடும். அப்பொழுது பிடிப்பு இன்னும் குறையும். சாரதி அதனைக் கைநிலையில் நிறுத்தித் தாழ்ந்த கியரிலே கட்டிவைக்கத் தெரிந்திருத்தல் வேண்டும். பொறி வந்தது என்று அறிவை வீட்டில் விட்டுவர இயலாது.

நியூட்ரல் போடும் சாரதியை ஏசுவதோடு நின்றுவிடுவாரும் உளர். அவனை அவ்வாறு செய்யத் தூண்டுவது யாது? டீசல் இவ்வளவுதான் என்று அளந்துகொடுத்து, மிஞ்சியது உனக்கு, குறைந்தது உன் சம்பளத்தில் என்று சொல்லும் ஏற்பாடு இருக்குமிடத்து, ஒவ்வொரு இறக்கமும் அவன் கண்ணுக்குச் சில்லறைக் காசாகவே தோன்றும். அவன் வீட்டிலும் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவேண்டிய பிள்ளைகள் உண்டு. அக்காசுக்காக அவன் பணயம் வைப்பது தன் உயிரோடு, முன்னே செல்லும் காரிலுள்ள நம் உயிரையும் என்பது அவனுக்கு எடுத்துக்காட்டப்படுவதில்லை. எடுத்துக்காட்டினும் டீசல் கணக்கு மாறுவதில்லை. 2025-இல் புதிய பார லாரிகளின் சாரதி அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தபொழுதும், செலவு கூடுமே என்ற முணுமுணுப்பு எழுந்ததை நாம் அறிவோம். முழங்காலுக்கும் வியர்வைக்கும் கணக்கேட்டிலே பத்தி இல்லாமையே இதன் மூலம்.

வித்தை அழிந்துபோமே என்னும் வருத்தத்துக்கு என்ன விடை? வருத்தம் நியாயமே. காதினால் யந்திரத்தைப் படிக்கும் கல்வி ஒரு தலைமுறையில் மறையக்கூடும். ஆனால் அக்கல்வியின் உயர்ந்த பகுதி கிளச்சை மிதிப்பதில் இல்லை. கணவாயின் உச்சியிலே, வேகம் பிறக்குமுன்னரே, "இவ்வளவு சுமைக்கு இந்தக் கியர்" என்று துணியும் முன்னறிவில் உளது. அதனைப் பொறி பறித்துக்கொள்ளவில்லை. நாம் கற்பியாமல் விட்டால் மட்டுமே அது போம்.

இதிலே உரிமம் வழங்குவோர்க்கும் பங்குண்டு. அமெரிக்காவிலே தானியங்கி லாரியில் தேர்வெழுதியவனுக்குக் கைக்கியர் லாரி ஓட்ட உரிமையில்லை. உரிமத்திலே 'இ' என்னும் எழுத்தைப் பொறித்துவிடுவர். ஐரோப்பியரோ 2012-இல் இவ்விதியைத் தளர்த்தி, கார் முதலிய வேறொரு வகையிற் கைக்கியர் உரிமம் முன்னரே பெற்றவனுக்கு லாரித் தேர்வைத் தானியங்கியில் நடத்தினாலும் தடையில்லை என்றனர். இரண்டிலும் எது சிறந்தது என்று வாதிடலாம். எமக்கு ஐரோப்பியர் முறையே பிடித்திருக்கின்றது. ஆயினும் எம் உள்ளத்தை உறுத்துவது எழுத்தன்று. தேர்வுத் திடல் பெரும்பாலும் சமநிலம், வண்டியோ சுமையற்றது. வளைத்து ஓட்டிக் காட்டுகின்றான், பின்னோக்கி ஓட்டிக் காட்டுகின்றான், உரிமம் பெறுகின்றான். அடுத்த வாரம் 28 டன்னோடு கணவாயின் உச்சியில் நிற்கின்றான். கைக்கியராயினும் தானியங்கியாயினும், சுமையேற்றிய வண்டியை ஒரு மலைச்சாலையில் பிரேக்கை இடைவிடாது மிதியாமல் இறக்கிக் காட்டியவனுக்கே பார லாரி உரிமம் என்று ஒரு விதி செய்தால் என்ன? சேலம், தருமபுரிப் பக்கத்தார் அதற்குரிய இறக்கத்தைத் தேடி அலைய வேண்டுவதில்லை.